அப்ரோடைட்டியின் வெல்டர்

செனாய் போகும் பஸ்ஸுக்காக வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "அம்மா அப்ரோடைட்டிக்கு மாப்பிள்ள முடிவு பண்ணிட்டாங்க."

அதற்கப்புறம் பஸ் வருகிறதா என்று நான் பார்க்கவில்லை.

அவள் கைப்பேசியில் அவளே வரைந்த காமிக்ஸ் இருந்தது. கிரேக்கர்களின் காதல் தெய்வம் ஃபேக்டரி யூனிஃபார்மில் நின்றாள். பக்கத்தில் கால் தாங்கி நடக்கும் ஒரு வெல்டர்.

"அலமாக், ஐயோ, இது உன் ஆளுதான லா? அப்படியேவா வரைவ?" என்றாள் தோழி.

"பழைய கதையிலயும் அவ புருஷன் காலு சரியில்லாத கொல்லன்தான். நான் வெல்டராக்கிட்டேன். அம்மா நேத்து முழுசாப் படிச்சிட்டு, இந்தப் பையன் எந்த ஊருன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வாய் தவறி, அவரோட ஊரு சிகாமட்டுன்னுட்டேன்."

"காலப் பாத்து வேணாம்பாங்கன்னுதான ரெண்டு வருஷமா மறைச்ச?"

"ஆமா. ஆனா அம்மா உடனே அப்பாவக் கூப்பிட்டாங்க. வாசப்படி உயரமா இருக்கு, ஞாயித்துக்கிழம அந்தத் தம்பி சாப்பிட வர்றதுக்குள்ள ஒரு கைப்பிடி வச்சிருங்கன்னாங்க."