நடு மாடி

— சார், மூச்சைப் பிடின்னா பிடிக்கணும்னு முதல்லயே சொன்னேனா இல்லையா? நடுவுல இருமி வச்சிட்டீங்க. வயித்துப் படம் பூரா கலங்கிப்போச்சு.

— தொண்டை காஞ்சு கிடக்கும்மா. குடல் ஆடாம இருக்கணும்னு ஒரு ஊசி போட்டியே, அதுலருந்து நாக்கு மேல ஒட்டிக்கிச்சு.

— அந்த ஊசி அப்படித்தான் பண்ணும். குடல் நின்னுருச்சு, நீங்கதான் சும்மா இருக்க மாட்டேங்குறீங்க. இனி மறுபடி எடுக்கணும்.

— எடு, எடு. இந்தக் குழாய்க்குள்ள எனக்கு வேற என்ன சோலி? மூக்குக்கு நேரா கூரை. வயித்து மேல பலகை மாதிரி ஒண்ணைக் கட்டி வச்சிருக்கே. அரிச்சா சொறியக்கூட வழியில்ல.

— கையில ரப்பர் பந்து குடுத்திருக்கேன்ல? முடியவே முடியலன்னா அமுக்குங்க, வெளிய எடுத்துடுறேன். சும்மா சும்மா அமுக்கக் கூடாது, ஆமா.

— எனக்கேவா? நான் லிஃப்ட் மெக்கானிக்மா. உள்ள மாட்டிக்கிட்டு மணியை அமுக்குறவங்களோட மாரடிச்சே தலை நரைச்சவன். இன்னைக்கு நானே மணியும் கையுமா உள்ள படுத்திருக்கேன், பாத்துக்க.

— பேச்சை நிறுத்துங்க. மூச்சை இழுங்க... விடுங்க... அப்படியே நிறுத்துங்க.

— ...

— ம், இப்ப விடலாம். இது தேவலை.

— யப்பா, என்னா இடி! தகரக் கொட்டகையைச் சுத்தியலால அடிக்கிற மாதிரி. ஏம்மா, இந்த ஒரு வயித்தை இன்னும் எத்தனை பேருதான் பார்ப்பீங்க? முதல்ல ஜெல் தடவி ஸ்கேன் பண்ணவரு, காத்து மறைக்குது, ஒண்ணும் தெரியலன்னாரு. அப்புறம் வாய் வழியா கேமராக் குழாய். அப்புறம் கீழ வழியா... அதை விடு. மேல் மாடி பார்த்தாச்சு, கீழ் மாடி பார்த்தாச்சு, நடு மாடியில மட்டும் யாருக்கும் லிஃப்ட் நிக்கல.

— நடுவுல இருக்குறது சிறுகுடல். அந்தக் கேமராக் குழாய் அவ்வளவு தூரம் எட்டாது. அதுக்குத்தான் இந்த எம்.ஆர்.ஐ. மெஷின். குடல் விரிஞ்சாத்தான் படத்துல தெரியும்னு அவ்வளவு தண்ணி குடுத்தா, நீங்க பாதியை வாஷ்பேசின்ல ஊத்தப் பார்த்தீங்க. நான் கவனிக்கலன்னு நினைப்பா?

— பார்த்துட்டியா? திட்டு, நல்லா திட்டு. நீ திட்டுறதுலதான் நான் தைரியமா கிடக்கேன்.

— இது என்ன புதுசா இருக்கு? எல்லாரும் என்னைச் சிடுமூஞ்சின்னு மேல புகாரில்ல குடுப்பாங்க!

— தொழில் ரகசியம்மா. லிஃப்ட் பாதியில நின்னுபோச்சுன்னு ஃபோன் வரும். சின்னக் கோளாறுன்னா உள்ள இருக்குறவனைப் பிடிச்சு ஏசுவேன். 'எல்லா பட்டனையும் எதுக்குய்யா அமுக்குறே, கதவை உதைக்காதே'ன்னு. கயித்துல கோளாறுன்னு தெரிஞ்சுபோச்சுன்னு வை, குரல் தானா தேனாயிடும். 'ஒண்ணுமில்லப்பா ராசா, இதோ வந்துட்டேன்'னு சட்டையை மாட்டிக்கிட்டே கொஞ்சுவேன். என் வீட்டுக்காரி அடுப்படியிலருந்து கேட்டே சொல்லிடுவா, 'என்ன, நிலைமை மோசமா?'ன்னு.

— வெளிய பச்சைப் புடவையில உக்காந்திருக்காங்களே, அவங்களா?

— அவளேதான். வெறும் வாயுத் தொல்லைன்னு சொல்லி வச்சிருக்கேன். என் சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆனதைப் பார்த்துக்கிட்டே இருக்கா. நம்பினாளோ இல்லையோ.

— சரி, கதை போதும். இப்ப கை வழியா மருந்து ஏறும், ஜில்லுன்னு இருக்கும். ஆடினீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும். மூச்சை இழுங்க... விடுங்க... நிறுத்துங்க.

— ...

— ...

— ஏம்மா, நானே மூச்சு விட்டுட்டேன். தாங்கல.

— ஐயோ, சொல்ல மறந்துட்டேன். விடுங்க, விடுங்க.

— ...இடி கூட நின்னுபோச்சு, உன் சத்தத்தைக் காணோம். ஆள் இருக்கியா? பந்தை அமுக்கட்டுமா?

— இருக்கேன். டாக்டரைக் கூப்பிட்டேன், வந்து பார்த்துக்கிட்டு இருக்காரு. இன்னும் கொஞ்சம் படம் எடுக்கச் சொல்றாரு, அவ்வளவுதான்.

— என்ன தெரியுதாம்?

— அதை அவர்தான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது. நீங்க ரொம்ப நல்லா ஒத்துழைக்கிறீங்கப்பா.

— அப்பாவா? இவ்வளவு நேரம் சாரா இருந்தேன்.

— சும்மா வாயில வந்துருச்சு. கழுத்து வலிக்குதா? குளிருதா? இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கோங்கப்பா. மூச்சை இழுங்க... விடுங்க... அப்படியே நிறுத்துங்க.

— லொக்கு... லொக்கு...

— பரவாயில்லப்பா. நல்லா இருமிட்டுச் சொல்லுங்க, மறுபடி எடுத்துக்கலாம்.

— படம் கலங்கியிருக்குமே?

— கலங்கினா கலங்கட்டும். ஒரு அவசரமும் இல்ல.

— வேணும்னேதான் இருமினேன்மா.

— அதனாலென்னப்பா, இன்னொரு தடவை எடுத்துட்டாப் போச்சு.

— நீ திட்டல.

— அப்பா, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லப்பா. நீங்களா மனசைப் போட்டுக் குழப்பிக்கிட்டு...

— விடும்மா, புரிஞ்சுபோச்சு. பயமாத்தான் இருக்கு, இல்லேங்கல. இந்தப் பந்தை அமுக்கினா இதுலருந்து என்னை வெளிய எடுத்துடுவே. இனிமே மாட்டியிருக்குறது இதுக்குள்ள இல்லையே.

— கொஞ்சம் தண்ணி கொண்டாரட்டுமாப்பா?

— வேணாம். ஒரே ஒரு உதவி பண்ணு. நான் உடுப்பு மாத்திக்கிட்டு வர்றதுக்குள்ள என் வீட்டுக்காரி உன்கிட்டதான் ஓடி வந்து கேப்பா. அவகிட்ட மட்டும் அன்பா பேசிடாதம்மா, எரிஞ்சு விழு.