மகன் வேஷம்

காலை மணி 8.12. மும்பை மின்ரயிலில் குர்லாவில் ஏறிய இருவரில் மூத்தவர் நாடக வசனக் கட்டு ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

“மகன் வேஷத்துக்கு ஆடிசனுக்கு வந்த நாலு பயலுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியல, அண்ணாச்சி,” என்றார் இளையவர்.

“இந்தி எழுத்துல எழுதிக் குடுக்க வேண்டியதுதானடே?”

“குடுத்தேன். கிளி மாதிரி ஒப்பிச்சானுவ. கோவமா அப்பன ஏசுலேன்னு சொன்னா, வாய் தானா இந்திக்குப் போயிருது.”

“நீயே மகனா நடி.”

“எனக்கு அம்பது வயசு. ஒமக்கு மகன்னு வந்து நின்னா சனம் சிரிக்கும்.”

“நாடகமே அப்பன் மகன் சண்டைதானடே. மகன் இல்லன்னா இந்த வருசம் நாடகமே இல்ல.” கட்டை மடியில் வைத்து, “ஆடிசனுக்கு வந்த எம் மவனுமா இந்தியில ஏசுனான்?”

“அவந்தான் மொதல்ல ஏசுனான், அண்ணாச்சி.”

மாட்டுங்கா வந்ததும் மூத்தவர் அரங்கத்துக்குப் போன் செய்து, நாடகத்துக்குக் கேட்டிருந்த தேதி வேண்டாம் என்றார். இந்தியில் சொன்னார்.