மூன்றரை லிட்டர்

ஆயில் மாற்றும்போது பலரும் செய்கிற தவறு, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே ஆயில் தொட்டியின் அடிப் போல்ட்டைக் கழற்றுவதுதான். ஆறிய ஆயில் கெட்டியாக இருக்கும். அழுக்கெல்லாம் தொட்டியின் அடியிலேயே தங்கிவிடும். வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சூடு ஏறிய பிறகு கழற்றினால் கடைசிச் சொட்டு வரை இறங்கும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது. நான் எதற்கும் அவசரப்பட்டவள் இல்லை.

எங்கள் வீட்டு வெள்ளைக் காருக்குப் பத்தொன்பது வயது. ஐயாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அன்று ஆயில் மாற்றிவிடுவேன். ஆரம்பத்தில் மெக்கானிக்கிடம்தான் விட்டோம். ஒருமுறை அவர் பழைய ஃபில்டரைத் துடைத்து மறுபடி மாட்டி அனுப்பியதை நான் கண்டுபிடித்தேன். அப்பா கொதித்துப் போனார். இனி வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றார். அண்ணன் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். ஆக, வேலை என் தலையில் விழுந்தது. புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பதினேழாம் நம்பர் ஸ்பேனர், ஒரு ஜாக்கி, தூக்கிய வண்டியைத் தாங்க இரண்டு ஸ்டாண்டு, அகலமான தட்டு, மூன்றரை லிட்டர் ஆயில். வேறொன்றும் வேண்டாம்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த வண்டியை நான் ஓட்டியதில்லை.

ஸ்டார்ட் செய்ய எனக்கு அனுமதி உண்டு. கியர் போட அனுமதி இல்லை. அப்பாவின் சட்டம் அது. சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். ஆயில் மாற்றும் நாளில் எடுத்துக் கொடுப்பார். வேலை முடிந்ததும் கையை நீட்டுவார். கையைக் கழுவிவிட்டு வந்து கொடுக்க வேண்டும்.

இருபத்தெட்டு வயதில் கேட்டேன். "வண்டி ஆம்பளைங்க சமாச்சாரம்மா. எங்கயாவது கொண்டுபோய் முட்டிட்டா எவன் பதில் சொல்றது?" என்றார். முப்பத்தொன்றில் கேட்கவில்லை, சாவி கையில் இருந்த நாளில் வாசல் கதவு வரை வண்டியை நகர்த்திப் பார்த்தேன். பத்தடி இருக்கும். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. அன்று மாலை வந்த அண்ணனிடம் என் முன்னாலேயே, "இடம் குடுத்தா மடத்தைப் பிடுங்குவா" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

நான் ஒரு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மழை நாளிலும் அப்படித்தான். நான் ஆயில் மாற்றிய வண்டி நிழலில் நிற்கும், நான் நனைந்துகொண்டு போவேன். அங்கே கிடங்குப் பொறுப்பாளர் ஒருவர் என்னைக் கட்டிக்கொள்ள விரும்பி வீடு வரை வந்து கேட்டார். நல்ல மனிதர். அப்பா அவரை உட்காரவைத்துப் பேசினார். அவர் போன பிறகு, "நீ போயிட்டா இங்க என்னை யாரு பாக்குறது?" என்று கேட்டார். கேள்விதான் கேட்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பா எதையும் நேராக மறுக்கிறவர் இல்லை. அந்த மனிதருக்கு அடுத்த வருடம் வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று.

இதையெல்லாம் குறையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அப்பாவை நான் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டேன். மாத்திரை, இரத்த அழுத்தம், கால் வீக்கம் எதிலும் ஒரு நாள் தவறியதில்லை. அவர் எண்பத்து மூன்று வயது வரை இருந்தது சும்மா இல்லை. டாக்டரே சொல்லியிருக்கிறார்.

அண்ணன் மகளுக்கு இருபத்திரண்டு வயது. சென்ற வருடம் லைசென்ஸ் வாங்கினாள். வந்து தாத்தாவிடம் அட்டையைக் காட்டினாள். அப்பா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார், தடவிப் பார்த்தார், அப்புறம் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். அவ்வளவுதான். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஓட்ட, அவர் முன்சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றி வருவார்கள். திரும்பி வந்ததும், "புலி மாதிரி ஓட்டுறா! கண்ணாடியப் பாக்குறதென்ன, கியர மாத்துறதென்ன!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ஒரு நாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வண்டியை அவள் பெயருக்கே மாற்றிவிடப் போவதாகச் சொன்னார்.

"ஐயோ தாத்தா, எனக்கு அதைப் பராமரிக்கத் தெரியாதே" என்றாள்.

"நீ ஓட்டு போதும். ஆயில் மாத்துறதெல்லாம் அத்தை பாத்துக்குவா."

தண்ணீர்ச் சொம்பு என் கையில் இருந்தது. எல்லோருக்கும் ஊற்றிவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்சம்கூடச் சிந்தவில்லை.

அதற்கு அடுத்த மாதம் ஆயில் மாற்றும் முறை வந்தது. அது ஒரு சனிக்கிழமை காலை. அவள் முதல் நாளே வந்து எங்களுடன் தங்கியிருந்தாள். அன்று நடந்ததை நான் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னேன்: போல்ட்டைக் கழற்றிவிட்டேன், ஆயில் இறங்கிக்கொண்டிருந்தது, அப்போதுதான் அப்பா கூப்பிட்டார். உள்ளே ஓடினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார், முகமெல்லாம் வியர்வை. குளித்துக்கொண்டிருந்த அவளைக் கதவு தட்டிக் கூப்பிட்டேன். ஈரத் தலையோடு ஓடிவந்தாள்.

"அத்தை, சாவி குடுங்க. நான் ஓட்டுறேன். ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம்தான்."

"வண்டி நகராதும்மா. ஆயில இறக்கிட்டேன்."

"திரும்ப ஊத்த முடியாதா?"

"அரை மணி நேரமாவது ஆகும்."

"ஆயில் இல்லாம அப்படியே ஓட்டிட்டுப் போனா?"

"ஸ்டாண்டுல தூக்கி நிக்குது. எஞ்சினும் பாதி வழியில இறுகிப் போயிடும். தாத்தாவ நடுரோட்டுல வச்சுக்கிட்டு நிப்பியா?"

அவள் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் ஏதோ விபத்து, வண்டி வர நாற்பது நிமிடம் ஆனது. தெருவில் நின்று போகிற வண்டியையெல்லாம் கைகாட்டி மறித்துப் பார்த்தாள். வெறுங்காலோடு முக்கு வரை ஓடினாள். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அவரால் பேச முடிந்தது. "வண்டிய எடு" என்று இரண்டு முறை சொன்னார். என்னிடம்தான் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தபோது மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இல்லை. அரை மணி நேரம் முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டர்.

என் வலது மணிக்கட்டில் சூடான ஆயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. அப்பா கூப்பிட்ட பதற்றத்தில் சுட்டுக்கொண்டேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அண்ணி மருந்து போட்டுவிட்டாள். அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் என் கையைத் தொட்டதாக அதற்கு முன் எனக்கு நினைவில்லை.

நான் சொன்னதில் பொய் அதிகம் இல்லை. வரிசை மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது.

கார் நிற்கிற இடத்துக்கு நேர்மேலே அப்பாவின் அறை ஜன்னல். வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, ஸ்பேனரைப் போல்ட்டில் பொருத்தியிருந்தேன். திருப்பவில்லை. அப்போது அவர் கூப்பிட்டார். தண்ணீருக்குக் கூப்பிடும் குரல், பேப்பருக்குக் கூப்பிடும் குரல், சும்மா கூப்பிடும் குரல் எல்லாம் எனக்குத் தெரியும். இது அவற்றில் ஒன்றுமில்லை. "நெஞ்சு... நெஞ்சு வலிக்குது" என்றும் கேட்டது. தெளிவாகவே கேட்டது. வண்டியைக் கீழே இறக்க இரண்டு நிமிடம் போதும். எஞ்சின் சூடாக இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் வருவாள், புலி மாதிரி ஓட்டுவாள், அவர் பிழைத்துக்கொள்வார். தன்னைக் காப்பாற்றியவள் என்று சாகும்வரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடியில் படுத்திருப்பேன்.

போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. சென்ற முறை நான்தானே முடுக்கினேன். இரண்டு கையாலும் பிடித்து அழுத்த வேண்டியிருந்தது. அவர் மூன்றாவது முறை கூப்பிட்டபோது திருகு இளகியது. கையை இழுத்துக்கொள்ளாமல் வைத்திருந்ததால் மணிக்கட்டில் பட்டது. ஆயில் முழுதாக இறங்கி, கயிறாக இருந்தது சொட்டாக ஆகும்வரை படுத்துக் கிடந்தேன். முறைப்படி அப்படித்தான் செய்ய வேண்டும். பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே ஓடினேன்.

அரை மணி ஆகும் என்று அவளிடம் சொன்னதும் சரியில்லை. போல்ட்டை மாட்டிப் புது ஆயிலை ஊற்ற நான்கு நிமிடம் போதும். டப்பாவின் மூடியைக்கூட நான் முன்பே திறந்து வைத்திருந்தேன்.

அவள் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. சென்ற வாரம் வந்தவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். யாரிடமோ விசாரித்திருக்கிறாள் போலிருக்கிறது.

"அத்தை, போல்ட்ட மாட்டிட்டு ஆயில ஊத்தினா அஞ்சு நிமிஷத்துல வண்டி கிளம்பியிருக்குமாமே. உங்களுக்குப் பதட்டத்துல ஒண்ணும் ஓடியிருக்காது. நானாவது யோசிச்சிருக்கணும். லைசென்ஸ் வாங்கினேனே தவிர, ஒரு போல்ட்ட மாட்டத் தெரியலயே. நான்தான் தாத்தாவக் கொன்னுட்டேன்."

ரொம்ப நேரம் அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தேன். அவளுக்கு வயது போதாது. தெரியாமல் நடந்துபோனதற்கு ஒரு சின்னப் பெண் மேல் வன்மம் வைத்திருப்பது எனக்கு வராது. அழுகை ஓய்ந்ததும் முகத்தை நிமிர்த்தி, அவளை மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.