திரும்பி வர்ற வண்டிக்கூலி

அந்தப் பேப்பர மடியில வெச்சு அமுக்காத, கசங்கிடும். மேசை மேல வை. உக்காருன்னு சொன்னேன்ல, உக்காரு. நாற்காலி ஆடும், அது எல்லாருக்கும் ஆடும், உனக்குன்னு விசேஷமா ஆடல. ஃப்ளைட்டு மூணு மணிக்கு, எனக்கும் தெரியும். சுவத்துல கடிகாரம் மாட்டியிருக்கு, மணி ரெண்டடிச்சு பத்து நிமிஷம். அதையே ஏன் திரும்பித் திரும்பிப் பாக்குற? நீ பாக்கறதால அது நிக்கப் போகுதா?

பாஸ்போர்ட்டு புதுசு. மக்பானுவா, ஜோசெல். வயசு இருபத்தி மூணு. கிமாராஸ் தீவா? மாம்பழம் நல்லா இருக்கும் உங்க ஊர்ல. வேலை? சூப்பர் மார்க்கெட்ல கல்லாவா. மாசம் பதிமூணாயிரம் பேசோ. அதுல மிச்சம் பிடிச்சு, லீவு போட்டு, மணிலா வந்து, இங்கேருந்து பாங்காக்கு, நாலு நாள். தனியா. சரி. நானா கேட்டேன்? நீயேதான் சொல்ற, ஒப்பிக்கற மாதிரி.

இந்தப் பேப்பரு இருக்கே, அம்மாடி. ஹாங்காங், சிங்கப்பூர், வியட்நாம், தாய்லாந்து. கட்டம் போட்டு, நாலு நாட்டுக்கும் ரூம் வாடகை, சாப்பாடு, உள்ளூர் ரயிலு, கோயில் டிக்கெட்டு, எல்லாம் பேசோவுல மாத்தி, தாய்லாந்துக்கு மட்டும் மஞ்சள் பூசி. யாரு போட்டது? நீயா. சரி, நீதான். உன்ன கல்லாவுல உக்கார வெச்சது தப்பு, நிதி மந்திரி ஆக்கியிருக்கணும்.

சிரிக்காத. நான் பாராட்டல.

பன்னெண்டு வருஷமா இந்த ஏர்போர்ட்டு இமிக்ரேஷன்ல உத்தியோகம் பாக்கறேன். நம்ம ஆளுங்க சிக்கனமா ஊர் சுத்தற லட்சணம் எனக்குத் தெரியாதா? போன மாசம் ஒரு வாத்தியாரு, அவரு பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க. பெட்டிக்குத் தனியா காசு கட்டணுமேன்னு ஆளுக்கு மூணு சட்டை, ரெண்டு பேன்ட்டு, மேல ஒரு குளிர் கோட்டு. இந்த வெயில்ல. புள்ளைங்க வேர்த்து வேர்த்து வெந்த கிழங்கு மாதிரி நிக்குதுங்க. பையைத் தொறந்தா நூடுல்ஸ் பாக்கெட்டு முப்பது. ஹாங்காங்ல சாப்பாடு கொள்ளை விலையாம், ஓட்டல் ரூம்ல வெந்நி போட்டு ஊறவெச்சுத் தின்னுட்டு ஊரப் பாப்பாங்களாம். அந்த ரூமும் எப்டி, கால நீட்டிப் படுத்தா கதவத் தொறக்க முடியாது. அதுக்கு எதுக்குய்யா ஹாங்காங்குன்னு கேட்டேன். அந்த மனுஷன் என்னை ஒரு பார்வை பாத்தாரு பாரு, அவரு பொண்டாட்டி நகையத் திருடிட்டேன்னு சொன்ன மாதிரி.

அவங்களும் ஒரு பேப்பர் வெச்சிருந்தாங்க. பரீச்சைத் தாள் பின்னாடி எழுதினது. மூணு கலர் மை. அடிச்சு, திருத்தி, காப்பி கொட்டி, ஓரத்துல பொண்டாட்டி கையெழுத்துல உங்க அம்மாவுக்கு எதுக்கு இவ்ளோன்னு ஒரு வரி. வியட்நாமா ஹாங்காங்கான்னு ரெண்டு வருஷம் சண்டை போட்ருக்காங்க. டிக்கெட்டு எவ்ளோவுக்குக் கெடைச்சுதுன்னு நான் கேக்கவே இல்ல, அவரே சொல்றாரு, ராத்திரி பன்னெண்டுக்குத் தள்ளுபடி ஆரம்பிச்சுது மேடம், தலைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம், என் கூட வேலை பாக்கறவன் நாலாயிரம் குடுத்தான் மேடம். அதச் சொல்லும்போது அந்த மூஞ்சியப் பாக்கணும், சாமி தரிசனம் கெடைச்ச மாதிரி. கஞ்சனுக்கு ஊர் பாக்கறது ரெண்டாவது. எவ்ளோ கம்மியாப் பாத்தேன்னு ஊருக்குச் சொல்றதுதான் மொத சந்தோஷம்.

நீ இங்க உக்காந்து கால் மணி நேரம் ஆச்சு. டிக்கெட்டு எவ்ளோன்னு ஒரு வார்த்தை பெருமையா சொன்னியா? கேட்டதுக்குக் கூட பேப்பரப் பாத்துல்ல சொன்ன?

சரி, இதப் பாரு. வியட்நாம விட தாய்லாந்துல சாப்பாடு சீப்புன்னு போட்ருக்க. எந்த ஊர்ல? வியட்நாம் போனவங்க எல்லாம் வந்து என்ன சொல்றாங்க, காப்பி நாப்பதாயிரம்னான், நெஞ்சு அடைச்சுடுச்சு, மாத்திப் பாத்தா நம்ம காசுல தொண்ணூறுன்னு. நாலு நாள் கோடீஸ்வரனா இருந்தோம்னு சொல்லிச் சொல்லி சிரிப்பாங்க. தாய்லாந்து காசு இப்ப நம்ம காசு மாதிரி ஒண்ணே முக்கால் மடங்கு ஏறிப் போச்சு. இது சந்தையில கருவாடு விக்கற பொம்பளைக்குக் கூடத் தெரியும். இந்தப் பேப்பரப் போட்டவனுக்குத் தாய்லாந்து ஜெயிக்கணும், அதுக்காகப் போட்ருக்கான். நாலு குதிரை ஓட விட்டு மூணுக்குக் கால ஒடிச்சு வெச்சிருக்கான்.

இது என்ன வரி, படி. சத்தமா படி. ஏர்போர்ட்டுலேருந்து ஓட்டலுக்கு வண்டிக்கூலி, எழுநூறு. சரி. ஓட்டல்லேருந்து ஏர்போர்ட்டுக்கு? எங்க இருக்கு, காட்டு. அந்தப் பக்கம் திருப்பிப் பாரு. அங்கயும் இல்ல. போறதுக்கு வண்டிக்கூலி இருக்கு, திரும்பி வர்றதுக்கு இல்ல. நடந்து வரப் போறியா?

மறந்துட்ட. சரி, மறந்துட்டன்னே வெச்சுக்கறேன். பசலுபோங் எங்க?

என்ன முழிக்கற? ஊருக்குப் போயிட்டு வெறுங்கையோட வந்து எந்த வீட்டு வாசப்படிய மிதிப்ப? அந்த வாத்தியாரு குடும்பம் பட்டினி கெடந்து ஊர் சுத்துது, ஆனா பசலுபோங் கணக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். பிரின்சிபாலுக்கு டீத்தூளு, பக்கத்து வீட்டுக்காரிக்கு சாவிக்கொத்து, நாயப் பாத்துக்கறவனுக்கு பனியனு, பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனாருக்குக் கூட ஒரு டப்பா பிஸ்கட்டு, ஏன்னா வாங்கலன்னா அது ஒரு பேச்சு ஆயிடும். சாப்பாட்டக் குறைப்பாங்க, ரூமக் குறைப்பாங்க, அதுல ஒரு பேசோ குறைக்க மாட்டாங்க. உன் கூட கல்லாவுல உக்கார்ற பொண்ணுங்க எத்தன பேரு? ஆறு பேரா. ஆறு பேரும் எனக்கு என்ன வாங்கிட்டு வருவன்னு நச்சரிக்கலையா? நச்சரிக்கல. ஏன்னா நீ யாருகிட்டயும் சொல்லல. உங்க அம்மாகிட்ட சொன்னியா?

மணிலாவுல வேலைன்னு சொன்னியாக்கும்.

நிமிந்து பாரு என்னை. மாசம் எவ்ளோ தர்றேன்னாங்க? அறுபதாயிரமா? எழுபதா. எழுபதாயிரம், சாப்பாடு இலவசம், தங்க இடம் இலவசம், ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து இங்கிலீஷ்ல பேசணும், அவ்ளோதான். ஏன்டி, எழுபதாயிரம் குடுத்து ஆள் எடுக்கறவன் எதுக்குடி உன்ன டூரிஸ்ட்டுன்னு பொய் சொல்லிட்டு வரச் சொல்றான்? அது ஒரு தடவ கூட மண்டையில உறைக்கலையா? ரெண்டு பேசோ சில்லறை குறைஞ்சா கஸ்டமர வாசல் வரைக்கும் ஓடிப் போய்ப் பிடிக்கறவதானே நீ?

நான் சொல்றேன் கேளு. பாங்காக்ல இறங்குவ. உன் பேரு எழுதின அட்டையோட ஒருத்தன் நிப்பான், பல்லெல்லாம் தெரிய சிரிப்பான். ஓட்டலுக்குன்னு வண்டியில ஏத்துவான். வண்டி ஏழு மணி நேரம் ஓடும். எந்த ஓட்டலு ஏழு மணி நேரத்துல இருக்கு? கடைசியில ஒரு ஆறு வரும், படகுல ஏத்துவான், அந்தக் கரை வேற நாடு. உன் பேப்பர்ல இருக்கற நாலுல அது இல்ல. பெரிய மதில், மேல முள்ளுக் கம்பி. பாஸ்போர்ட்டப் பிடுங்கிப்பான். அப்புறம் கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்கார வெப்பான், அதுல பொய் இல்ல. அமெரிக்காவுல பொண்டாட்டி செத்துப் போன கெழவனத் தேடிப் பிடிச்சு, கண்ணே மணியேன்னு எழுதி, அவன் பேங்குல இருக்கறத உருவணும். இல்லன்னா இங்க உன்ன மாதிரி இன்னொருத்தியப் பேசிக் கூட்டிட்டு வரணும். வாரத்துக்கு இத்தன ஆளுன்னு கணக்கு. கணக்கு குறைஞ்சா சோறு கிடையாது. இன்னும் குறைஞ்சா வெயில்ல மண்டி போட வெச்சு கரண்டு குச்சியால குத்துவாங்க. தப்பிச்சு வந்த பொண்ணு ஒருத்தி, நீ உக்காந்திருக்கற நாற்காலியில உக்காந்துதான் முதுகக் காமிச்சா.

அழு. நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்.

ஸ்டாம்பு கிடையாது. அது தீர்ந்து போன கதை. ரிட்டர்ன் டிக்கெட்டு இருக்குன்னு அதக் காட்டாத, தூக்கிப் போடறதுக்குன்னே வாங்கித் தர்ற டிக்கெட்டு அது. நீ என்னை சபிப்ப, சபிச்சுக்க. இந்த நாற்காலியில உக்காந்துட்டுப் போற எல்லாருமே சபிச்சுட்டுத்தான் போறாங்க. நான் ஒண்ணும் பெரிய தர்மதேவதை இல்ல. நெசமாவே ஊர் பாக்கக் கெளம்பினவளையும் சந்தேகப்பட்டு அழ வெச்சுத் திருப்பி அனுப்பியிருக்கேன், அவ தள்ளுபடி டிக்கெட்டு வீணாப் போச்சு. அதையும் சொல்லிடறேன்.

ஒண்ணு கேக்கறேன். உன்ன இங்க யாரு அனுப்புனதுன்னு நெனக்கற? கவுண்டர்ல இருந்த பையனா? அவன் ஸ்டாம்ப எடுத்துட்டான். உனக்கு அது தெரியாது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரியாது. ஹாங்காங்குக்கு ஏன் போகலன்னு கேட்டிருக்கான். நீ சொன்ன பதில்ல அவன் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, பக்கத்துக் கவுண்டர் பொண்ணுகிட்ட திருப்பிச் சொன்னான். நான் பின்னாடி நின்னு டீ குடிச்சிட்டிருந்தேன். என் டூட்டி ரெண்டு மணியோட முடிஞ்சுது. அவன் கையப் பிடிச்சு நிறுத்தி உன்ன உள்ள கூப்ட்டது நான்தான்.

என்ன சொன்ன நீ அவன்கிட்ட? சொல்லு, இன்னொரு தடவ. சொல்ல மாட்டியா, நானே சொல்றேன். கண்ண மூடிட்டா ஹாங்காங்கும் ஒண்ணுதான், பாங்காக்கும் ஒண்ணுதான் சார், தூங்கறதுக்கு எதுக்கு நாலு மடங்கு காசு.

இத உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

மிஸ் ஜாய். மிஸ் ஜாய் எப்டி இருப்பா? பாத்ததில்ல. குரல் கேட்டிருக்கியா? அதுவும் இல்ல. செல்லுல எழுதறது மட்டும்தான். நல்லவங்களா. தெனமும் எழுதுவாங்களா. சரி.

அந்த வார்த்தை என்னுது. போன வருஷம் மார்ச்சுல, என் வீட்டு அடுப்படியில, பூசணிக்கா அரிஞ்சுக்கிட்டே என் தங்கச்சிக்கு சொல்லிக் குடுத்தது. ஆர்லின்னு பேரு. எங்க வீட்ல கடைசி. நாலு நாள் பாங்காக்குக்குப் போறேன்க்கா, கவுண்டர்ல கேள்வி கேட்டா பயமா இருக்குன்னா. எந்த ஆபீசரா இருந்தாலும் ஒரு தடவ சிரிக்க வெச்சுடு, சிரிச்சவன் கை தன்னால ஸ்டாம்புக்குப் போகும்னு நான்தான் சொன்னேன். பெரிய கெட்டிக்காரி மாதிரி. அவ பேப்பர் எல்லாம் நான் கேக்கவே இல்ல, நம்ம வீட்டுப் பொண்ணாச்சே. அவ சிரிக்க வெச்சா, போனா. பதினாலு மாசம் ஆச்சு. ஒரு போன் கிடையாது. போன கிறிஸ்மஸ்ல எங்க அம்மா அவளுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டாங்க, செத்தவங்களுக்கு ஏத்தற எடத்துல.

அந்த ஒரு வரி இந்த உலகத்துல எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.

உன்ன உள்ள கூட்டிட்டு வரும்போது எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? ஸ்டாம்பக் குத்திடலாம், அவ போட்டோவ உன் பையில போட்டு அனுப்பிடலாம், போய்ப் பாத்து சொல்லட்டும்னு. அப்டித் தோணுச்சு. ஒரு நிமிஷம் நல்லாவே தோணுச்சு. இவ்ளோ நேரம் ஹாங்காங்கு வியட்நாம்னு உன்னக் கேவலப்படுத்திட்டு இருந்தேனே, அந்த எரிச்சல் எல்லாம் உன் மேல இல்லம்மா.

இப்ப உன்ன நிறுத்தியாச்சு. நிறுத்தினா அங்க அவ கணக்குல ஒரு ஆள் குறையும். குறைஞ்சா என்ன பண்ணுவாங்கன்னு உனக்கு இப்பதானே சொன்னேன். நான் தெரிஞ்சேதான் பண்றேன்.

செல்ல எடு. உன் மிஸ் ஜாய்க்கு எழுது. இல்ல, நான் இருக்கேன்னு எழுதாத, பக்கத்துல எவனாவது நின்னு படிச்சுட்டிருப்பான். என் பேரும் வேணாம். நீ வரலன்னு மூணு மணிக்குத் தெரிஞ்சுக்கட்டும், அது வரைக்கும் தெரிய வேணாம். இன்னும் அர மணி நேரம் இருக்கு. சாப்ட்டீங்களா மிஸ்ஸுன்னு மட்டும் கேளு.