ஐந்தாவது பாட்டு

காளவாசலில் பஸ் ஏறிய இருவரும் கப்பலூர் கம்பெனிச் சீருடையில் இருந்தார்கள். ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"மாப்ள, அஞ்சாவது பாட்டு வந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்க. அழுதுருவேன்."

"ராக் ஆல்பம்டா இது. ட்ரம்ஸ் காதக் கிழிக்குது."

"அதுக்குள்ளதான் ஒருத்தன், ஆம்பளங்கிற வீம்புல மன்னிப்புக் கேக்காம அவளத் தொலச்சுட்டேன், இப்பக் கேக்குறேன்ங்கிறான். எனக்கு என் ஆளுகூடக் காலேஜ் பஸ்ல போனதெல்லாம் ஞாபகம் வருது."

"நீ மன்னிப்புக் கேட்டியா?"

"அந்தப் பாட்ட மூணு நாள் ஸ்டேட்டஸ்ல வச்சேன், அவ மட்டும் பாக்குற மாதிரி. மூணு நாளும் பாத்தா. ஒண்ணும் சொல்லல."

"பாடுனவன்தான கேட்டிருக்கான். நீ எங்கடா கேட்ட?"

ஐந்தாவது பாட்டு வந்திருக்க வேண்டும். நண்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மற்றவன் இயர்போனைக் கழற்றிவிட்டு போன் போட்டான்.

"வச்சுராத புள்ள. பாட்டு இல்ல, நான்தான்."