ஆறு மைனாக்களின் ஓய்வு

எனக்குப் பால் விடாத பிளேன்டித் தேநீரில் சீனி கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் என் ஆராய்ச்சியை உங்களுக்கு விளக்க முடியாது. இன்ஸ்பெக்டர், நீங்கள் இதுவரை கேட்ட கேள்விகளைப் பார்த்தால், சொன்னாலும் விளங்குமா என்பது சந்தேகம்தான்.

இறக்காமத்துக் குளத்தருகே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆறு மைனாக்களைப் பிடித்துக் கூடுகளில் வைத்திருந்தேன். நான்கு நாள் தூக்கத்தைக் கெடுத்தால் காட்டுப் பறவையின் புத்தி எவ்வளவு மழுங்குகிறது, இரத்தத்தில் மன அழுத்த ஓமோன் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. மூன்று நிற மூடிகளில் சிவப்பின் கீழே புழு இருக்கும். அனுமதி தந்த குழுவிலிருந்த மேதாவிகள் மைனாக்களின் நலன் பற்றிப் பதினொரு கேள்வி கேட்டார்கள். கூட்டைத் தட்டி அவற்றை எழுப்பப்போகிற ஆளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த ஆள் மீராசாஹிபு, மருதமுனைக்காரர், ஐம்பத்திரண்டு வயது. மாற்று ஆள் கேட்டார். வருவார் என்றேன். நான் யாரையும் கூப்பிடவில்லை.

மைனாக்கள் என்னை ஏமாற்றின. ஒரு கண்ணைத் திறந்துகொண்டே அரைத் தூக்கம் போட்டு, நான்காம் நாளும் சரியாகச் சிவப்பு மூடியையே புரட்டின. மீராசாஹிபுக்கு அந்த வசதி இல்லை. அவர் கண்ணயர்ந்தபோதெல்லாம் நான் மேசையைத் தட்டினேன். நான் தூங்கும் நேரத்தில் அந்த வேலையை அலாரம் பார்த்துக்கொண்டது. சீனிப் போத்தலுக்குப் பச்சை மூடி, உப்புக்கு வெள்ளை. முதல் நாள் அவர் தந்த ஏழு தேநீரும் சரி. மூன்றாம் நாள் இரண்டில் உப்பு. நான்காம் நாள் காலை எல்லாமே உப்பு. முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுக் குறித்துக்கொண்டேன். காய்ச்சல் பரிசோதனை என்று சொல்லி எடுத்த அவரது எச்சிலிலும், பிறகு பார்த்தபோது, ஓமோன் அழகாக ஏறியிருந்தது.

பத்து மணிக்கு வேலை முடிந்தது. முதல் நாளே அவரிடமிருந்து வாங்கி வைத்திருந்த அவரது மோட்டார் சைக்கிள் சாவியை நீட்டினேன்.

“சேர், கண்ணு சொருகிட்டு வருகுது. ஒரு மணித்தியாலம் இஞ்ச படுத்துட்டுப் போகட்டா?”

“வீட்ட போய் நல்லாப் படுங்க, காக்கா.”

அண்ணன் முறை வைத்தே அனுப்பினேன். அவர் குறட்டை விடுவார். மைனாக்களுக்கு ஓய்வு தேவைப்பட்டது.

சம்மாந்துறைக்கு இப்பால், பட்டப்பகலில், நின்றுகொண்டிருந்த நெல் லொறியில் மோதி, அந்த இடத்திலேயே இறந்துபோனார். பிரேக் பிடித்த அடையாளமே இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவரது மனைவி ஹாஜறா, “எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்” என்று அழுதாராம். எனக்கு அதில் ஆட்சேபனை இல்லை.

வண்டி ஓட்டும் நிலையில் அவர் இல்லை என்று எனக்குத் தெரியுமா என்றால், ஓம், தெரியும். என்னைவிட நன்றாக யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. உப்புக் குறிப்பு என்னிடம்தானே இருந்தது.

மைனாக்களை அன்று முழுக்கத் தூங்கவிட்டு, மறுநாள்தான் திறந்துவிட்டேன். தூக்கம் கெட்ட உயிரை உடனே வெளியே விட்டால் பருந்து அடித்துவிடும், அது கொலைக்குச் சமம் என்று விண்ணப்பத்தில் எழுதியவன் நானே. அந்தப் பக்கத்தை ஏன் திரும்பத் திரும்ப என் முன்னால் நீட்டுகிறீர்கள் என்றுதான் விளங்கவில்லை. அது மைனாக்களைப் பற்றி எழுதியது.