செவ்வாய்க்கிழமைப் பதிவு

அன்றைக்கு மாநாட்டில் தேநீர் நன்றாக இருந்ததென்று பலரும் சொன்னார்கள். ஸ்காபரோக் கடை ஒன்றில் சொல்லிவைத்து, இஞ்சி போட்டு, பெரிய பிளாஸ்க்குகளில் நான்தான் கொண்டுபோனேன். நூலகமும் ஆவணக்காப்பும் படிக்கிற மாணவர்கள் நாங்களே நடத்திய மாநாடு. தலைப்பு, தகவல் தொழில்களின் எதிர்காலம். இந்தப் படிப்புக்கு ஓர் எதிர்காலம் இருக்கிறதா என்று என் அப்பா கேட்காத நாளில்லை.

பல்கலைக்கழக விசாரணைக்குழுவாக நீங்கள் கேட்பது என் உரையைப் பற்றி. சொல்கிறேன்.

இரண்டாயிரத்தொன்பது தொடக்கத்தில், வன்னியில் சண்டை இறுகியபோது, நான் ஒரு தொலைபேசி எண் எடுத்தேன். அங்கே போன் கிடைத்தவர்கள் அதில் குரலைப் பதிந்து விடலாம். நான் கேட்டு, இங்கே கனடாவிலுள்ள உறவினருக்குச் சொல்வேன். மே மாதத்துக்குள் நாற்பத்தொரு பதிவுகள். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அன்றன்றே சொன்னேன்.

டோர்செட் பார்க் அடுக்குமாடியில் இருந்த அன்ரனெற் அன்ரி தினமும் மதியம் எனக்குப் போன் எடுப்பார். அவருடைய ஒரே மகன் எட்வேட் அங்கே அகப்பட்டிருந்தான். "ஏதும் வந்ததோ பிள்ளை?" என்பார். இல்லை என்றால், எனக்குக் கரைச்சல் தருவதற்காக மன்னிப்புக் கேட்பார். அவர் பேசுவது எனக்குப் பிடிக்கும்.

யுத்தம் முடிந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, எட்வேட்டின் குரல் வந்தது.

"அம்மா, நான் இருக்கிறன். காயத்தோட வவுனியா ஆஸ்பத்திரியில கிடக்கிறன். வவுனியா மாமாவை உடன வரச்சொல்லுங்கோ. ஆரும் வராட்டி வெள்ளிக்கிழமை வேற இடத்துக்கு ஏத்திப்போடுவினம்."

நான் அழுதேன். அது பொய்யில்லை. பிறகு யோசித்தேன். மாநாடு சனிக்கிழமை. மற்ற நாற்பதும் உரியவர்கள் கேட்டு அழுது முடிந்தவை. இது மட்டும் யாரும் கேட்காதது. ஒரு தாய் அரங்கிலிருந்து, தன் மகன் உயிரோடிருப்பதை முதன்முதலாகக் கேட்டால், எங்கள் தொழில் எதற்கென்று இனி யாரும் கேட்கமாட்டார்கள். வெள்ளிக்கும் சனிக்கும் ஒருநாள்தான் வித்தியாசம். அங்கே எதுவும் சொன்ன நாளில் நடப்பதுமில்லை.

செவ்வாயிலிருந்து வெள்ளிவரை நாலு நாளும் அன்ரி எடுத்தார். "இன்னும் இல்லை அன்ரி. சனிக்கிழமை கட்டாயம் வாங்கோ" என்றேன்.

நல்ல சேலை உடுத்தி வந்து, முன்வரிசையில் இருந்தார். என் உரையின் நடுவே நான் ஒலிக்கவிட்ட பதிவில் எட்வேட் பேசத் தொடங்கியதும் எழுந்து நின்றார். "என்ர பிள்ளை" என்றார். தமிழ் தெரியாதவர்கள்கூடக் கைதட்டினார்கள். பதிவின் முடிவில் இயந்திரம் வழக்கம்போல நாளும் நேரமும் சொன்னது. மே பத்தொன்பது, செவ்வாய், காலை ஒன்பது பன்னிரண்டு. அன்ரி விரல் மடித்து எண்ணினார்.

"செவ்வாயோ பிள்ளை?"

ஓம் என்றேன்.

மாமா ஞாயிற்றுக்கிழமை போனார். கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். இன்றுவரை எந்தப் பட்டியலிலும் எட்வேட்டின் பெயர் இல்லை.

நாளையும் நேரத்தையும் வெட்டியிருக்கலாமே என்று கூடப் படிக்கும் சீமோன் கேட்டான். ஆவணத்திலிருந்து அதன் தேதியைப் பிரிக்கக்கூடாதென்பது நாங்கள் முதல் வாரமே படிக்கிற பாடம். வெட்டியிருந்தால் அன்ரிக்கு ஒன்றும் தெரிந்திராது, நீங்களும் என்னைக் கூப்பிட்டிருக்கமாட்டீர்கள். ஆனாலும் நான் வெட்டவில்லை.

அன்ரி இப்போது எடுப்பதில்லை. மதியமானால் நான் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். துக்கமாகத்தான் இருக்கிறது. பதிவின் பிரதி ஒன்றை அவருக்கு அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. மூலம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதில் ஒரு நொடிகூடக் குறையவில்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.